கைநாட்டுக் கனவான்கள்

நம் நாட்டில் கைநாட்டு ஒழிந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள் ஒரு முறை என் மேஜைக்கு வந்து, கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்க வேண்டும். பி.ஏ. படித்தவர்கள், எம்.காம். படித்தவர்கள், ஒரு வக்கீல், இரண்டு இன்ஜினீயர்கள் எல்லாரும் அதில் கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவருடைய ரேகைகூட அதில் இல்லை. பத்திர ஆபீசில் கைநாட்டு வைக்கும்போது அவர், "எங்கே வைக்கணுங்க?" என்று கேட்பார். காட்டிய இடத்தில் மட்டும் வைப்பார். வைத்தபின் விரலில் மிஞ்சிய மையைத் தம் தலையிலேயே தடவித் துடைத்துக்கொள்வார். பிறத்தியார் பொருளில் தடவமாட்டார். படித்த கனவான்களுக்குத்தான் கேட்கவும் தெரியவில்லை, துடைக்கவும் தெரியவில்லை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்த காலம் போய், இப்போது திரையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எட்டிப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் எழுத்தாளன் என்னத்துக்கு? ஆனால், "இந்த வரி பிரமாதம் சார்!" என்று சொல்லும்போதே அந்த வரியின்மேல் ஆள்காட்டி விரலைப் பதித்துவிடுகிறார்கள். "இந்த வரி வேண்டாமே" என்கிறவர்களோ இன்னும் பலமாகப் பதிக்கிறார்கள். ஆக, பாராட்டானாலும் கண்டனமானாலும் எனக்கு மிஞ்சுவது பிசுக்குத்தான்.

"இவ்வளவுதானா? ஒரு துணியால் துடைத்தால் தீர்ந்தது. இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள். துடைத்தால் தீராத ஒரு சமாசாரம் இதில் இருக்கிறது. அதற்கு முன், துடைத்தால் தீர்ந்துவிடும் என்பதே சரிதானா என்று பார்த்துவிடலாம்.

மனிதனுடைய விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. வியர்வைச் சுரப்பிதான் உண்டு. ஆகவே திரையில் மினுமினுக்கும் எண்ணெய் விரலுக்குச் சொந்தமானதல்ல. மூக்கிலிருந்தும் நெற்றியிலிருந்தும் எண்ணெய் தேய்த்த தலையிலிருந்தும் விரல் கடன் வாங்கி வந்தது அது. பாக்கி, நாலு மணிக்குச் சாப்பிட்ட பஜ்ஜியைச் சேர்ந்தது. ஒளி விடும் திரையில் ஒட்டிய ஒரு சிறு துளி குட்டி லென்ஸாக மாறி, அடியில் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கதாநாயகி கண்ணீர் விடும் இடத்தில் கன்னத்தருகே ஒரு வானவில் தோன்றினால் எழுதுகிறவன் என்ன செய்வான்?

பழைய கம்ப்யூட்டர்களின் திரை டெலிவிஷன் பெட்டியைப்போல் கனத்த கண்ணாடி, குத்தினாலும் தாங்கும். இன்றைய மெல்லிய திரைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், திரவப் படிகம் என்ற வஸ்து நிரம்பியிருக்கிறது. அழுத்தினால் அந்த இடத்தில் நிறம் கலைந்து, குளத்தில் கல் எறிந்தாற்போல் அலை எழும்புகிறது. அந்த அலையைப் பார்ப்பதற்காகவே இரண்டாம் தரம் அழுத்துகிற மகானுபாவர்களும் உண்டு. மேலே கண் கூசாதிருப்பதற்காக ஒரு மெல்லிய படலம் வேறு இருக்கிறது. அதை வேஷ்டித் தலைப்பால் அழுத்தித் தேய்த்தாலும், ஜன்னல் கண்ணாடிக்கென்று விற்கும் அமோனியா கலந்த தண்ணீரைத் தெளித்தாலும் அந்தப் படலம் கெட்டுப்போகும். மிருதுவான துணியை லேசாக நனைத்து, யந்திரத்தை அணைத்துவிட்டு, நிதானமாகத் துடைக்க வேண்டும். தொடுவதற்கு ஒரு விநாடி. துடைப்பதற்கு ஐந்து நிமிஷம். தொடுகிறவர் ஒருவர், துடைக்கிறவர் இன்னொருவர்.

"இந்தக் காலத்தில் திரை என்றாலே தொடுவதற்குத்தானே?" என்பது அடுத்த வாதம். தொட்டால் வேலை செய்யும் திரையைப் பற்றி ஜான்ஸன் என்ற ஆங்கிலேயர் 1965-லேயே எழுதிவிட்டார். 2007-ல் ஐபோன் வந்தபின் உலகத்தில் பாதிப் பேர் கண்ணாடியைத் தடவிக்கொண்டு நடக்கிறார்கள். தடவட்டும். அவரவர் சட்டைப்பையில் இருக்கும் கண்ணாடியை அவரவர் தடவுகிறார்கள். அதுவும் தொட்டதற்கு ஒரு பதில் சொல்கிறது. என் மேஜைமேல் இருக்கும் திரை பதில் சொல்லாது. அது தெரியாமல் ஒருவர் இரண்டு விரலை வைத்து அகல விரித்தார். எழுத்து பெரிதாகவில்லை. "உங்க சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சா சார்?" என்று என்னிடம் அனுதாபம் விசாரித்தார்! உலகத்தையே தொட வைத்த ஸ்டீவ் ஜாப்ஸ்கூட, நிமிர்ந்து நிற்கும் திரை தொடுவதற்கு ஏற்றதல்ல, கை ஓய்ந்து போகும் என்று 2010-ல் சொல்லியிருக்கிறார். திரையில் ஓர் இடத்தைக் காட்டுவதற்கு 'மௌஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது. டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1968-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில் அதை ஊரறிய இயக்கிக் காட்டினார். விரலை மேஜையிலேயே வைத்துக்கொண்டு திரையில் எந்த மூலையையும் சுட்டலாம். இத்தனை வருஷமாக அந்த எலி மேஜைமேல் காத்துக் கிடக்கிறது. நம் கனவான்கள் அதைத் தாண்டிக்கொண்டு கையை நீட்டுகிறார்கள்.

இனி, எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: "'தொடாதே' என்ற சொல்லை நீங்களுமா சொல்வது?"

நியாயமான கேள்வி. அந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் கேடுகெட்ட ஒரு சரித்திரம் உண்டு. கிணற்றைத் தொடாதே, குவளையைத் தொடாதே, ஆளையே தொடாதே என்று மனிதனுக்கு மனிதன் சொல்லிவந்த தேசம் இது. அரசியல் சட்டத்தின் பதினேழாவது ஷரத்தில் தீண்டாமையை ஒழித்தோம் என்று எழுதிக்கொண்டோம். 1955-ல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே செய்தோம். அப்படியும் அது முழுக்க ஒழிந்தபாடில்லை. ஆகையால் 'தொடாதே' என்று வாய் திறக்கிறவன், யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று சபை கேட்கத்தான் வேண்டும்.

நான் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய 'தொடாதே' மேலே இருந்தவன் கீழே இருந்தவனுக்குச் சொன்னது. திரை விஷயத்தில் நடப்பது அதற்கு நேர் எதிர். இங்கே தொடுகிறவன் மேலே இருப்பவன். தொடாதே என்று சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டிருப்பவன் கீழே இருப்பவன்.

நம்பிக்கை இல்லாவிட்டால் எந்த ஆபீசிலாவது அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். மானேஜர் குமாஸ்தாவின் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். "இது என்ன? இது ஏன் இப்படி இருக்கு?" என்று திரையில் மூன்று இடத்தில் குத்துவார். போய்விடுவார். குமாஸ்தா கைக்குட்டையை எடுப்பார். அதே குமாஸ்தா ஒரு காரியமாக மானேஜர் அறைக்குப் போகிறார். அங்கேயும் ஒரு திரை இருக்கிறது. அதிலும் ஒரு தப்பு இருக்கிறது. குமாஸ்தா நாலடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சார், மேலேயிருந்து மூணாவது வரி, கடைசிக் கட்டம் சார்" என்று வாயால் சொல்கிறார். சொன்னது மானேஜருக்குப் புரிகிறது! அப்புறம் அந்த மானேஜரே தம்முடைய பெரிய அதிகாரி முன் நிற்கும்போது அவருக்கும் வாய் வந்துவிடுகிறது, விரல் மறைந்துவிடுகிறது.

"தொட்டுக் காட்டாமல் விளக்க முடியாது" என்ற சமாதானம் இங்கே உடைந்துபோகிறது. முடியும். பயப்பட வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் முடிகிறது. பயப்பட வேண்டாத இடத்தில்தான் முடியாமல் போகிறது. இந்த விரல் ஆறு மாதிரி. எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே இறங்குகிறது. துடைத்தால் தீராத சமாசாரம் என்று சொன்னேனே, அது இதுதான்.

பள்ளத்தில் இருப்பவர்கள் யார் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையைச் சொல்வேன். பெயர் வேண்டாம். அங்கே டைப் செய்கிற பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். என் கட்டுரை ஒன்றை அச்சுக்குத் தயார் செய்ய ஒரு நாள் போயிருந்தேன். பிள்ளை வீட்டார் ஏழெட்டுப் பேர் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். மாமா, சித்தப்பா, அத்தை ஆகிய ஒவ்வொருவரும் தம் தம் பெயரைத் திரையில் தேடிக் கண்டுபிடித்து, கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதைத் தொட்டார்கள். "இங்க பாரும்மா, எனக்கு முன்னால 'ஓய்வு பெற்ற தாசில்தார்'னு போடணும்" என்று ஒரு விரல். "எங்க பேரை ஒரு வரி மேல தூக்கும்மா" என்று இன்னொரு விரல். "சரிங்க ஐயா, சரிங்கம்மா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேஜை இழுப்பறையில் ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தாள். அது கடைச் செலவில் வந்ததல்ல, அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கூட்டம் கலைந்த பிறகுதான் அதை வெளியே எடுத்தாள். வாடிக்கைக்காரர் முன்னால் துடைத்தால் மரியாதைக் குறைவு என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது கடையில் ஒரே ரகளை. ஐந்நூறு பத்திரிகை அச்சாகி வந்திருக்கிறது. மாப்பிள்ளை 'முருகன்' அதில் 'முருகன' என்று நிற்கிறார். கடைசி எழுத்தில் புள்ளி இல்லை. நடந்தது என்னவென்றால், கோவிலிலிருந்து நேரே வந்த ஒரு விரல், குங்குமத்தோடு மாப்பிள்ளை பெயரைத் தொட்டிருக்கிறது. 'ன'வின் தலையில் சரியாக ஒரு பொட்டு. அதைப் புள்ளி என்று நினைத்து அந்தப் பெண்ணும் விட்டுவிட்டாள், சுற்றி நின்ற ஏழெட்டு ஜோடிக் கண்களும் விட்டுவிட்டன. "படிச்ச பொண்ணுதானே நீ? ஒரு புள்ளி வைக்கத் தெரியலையா?" என்று மாமா சத்தம் போட்டார். குங்குமம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. மறு அச்சுக்கான காகிதச் செலவில் பாதி அவள் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டு மீதிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது சொல்லுங்கள், இது வெறும் பிசுக்குச் சமாசாரமா? அந்தத் திரைதான் அவளுடைய ஏர், அவளுடைய தறி. தறியில் நெய்துகொண்டிருக்கும் துணியில் எண்ணெய்க் கையை வைப்போமா? வைத்தால் நெசவாளி சும்மா இருப்பாரா? கண்ணாடிக்குள்ளே ஓடுகிற வேலை கையில் சிக்காத வேலை என்பதால், அது வேலையே அல்ல என்று நினைத்துவிட்டோம்.

உலகத்தில் விரலை அடக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. யூதர்கள் தங்கள் வேதச் சுருளை வாசிக்கும்போது, நுனியில் சிறு கை வடிவம் செதுக்கிய ஒரு கோலால்தான் வரியைச் சுட்டிக்கொண்டு போவார்கள். 'யாட்' என்று அதற்குப் பெயர். எழுத்தின்மேல் விரல் படக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. நம் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் பூகோளப் படத்தில் காவேரியைப் பிரம்பு நுனியால்தான் காட்டினார். அதற்காகக் காவேரி நமக்குத் தெரியாமல் போய்விடவில்லை.

கோலும் பிரம்பும் வேண்டாம். நாக்கு இருக்கிறதே, அது போதும். 'மூன்றாவது பாரா, இரண்டாவது வரி' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்ல வேண்டுமானால் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் படிக்க வேண்டும். படித்தால் ஒருவேளை அந்தத் தப்பு தப்பே அல்ல என்றுகூடத் தெரிய வரலாம். நாலு வார்த்தை சொல்லுகிற சிரமத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் விரல் முன்னால் ஓடுகிறது. வார்த்தை பேசி அறியாத குழந்தை நிலாவைக் கை நீட்டிக் காட்டுவது அழகு. நாற்பத்தைந்து வயது ஆடிட்டர் பாலன்ஸ் ஷீட்டை அப்படிக் காட்டுவது அழகல்ல.

ஆகையால் கனவான்களே, சீமாட்டிகளே, என் கோரிக்கை சின்னது. காட்டத்தான் வேண்டுமென்றால் திரைக்கும் விரலுக்கும் நடுவில் நாலு அங்குலம் இடம் விடுங்கள். மறந்து தொட்டுவிட்டால் துணியை நீங்களே கேட்டு வாங்கித் துடையுங்கள். முதலாளிகளே, உங்கள் கடைப் பெண்ணுக்கு, "தயவு செய்து தொடாதீங்க" என்று வாடிக்கைக்காரரிடம் சொல்ல அனுமதி கொடுங்கள். ஒரு துணியும் வாங்கிக் கொடுங்கள். இதெல்லாம் நினைவில் நிற்காதென்றால் ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் மேலதிகாரியின் திரையில் வைக்கத் துணியாத விரலை வேறு எவருடைய திரையிலும் வைக்காதீர்கள்.