காதுல மாட்டறதுக்கும் லைசென்சா?

3.5 மி.மீ. ஹெட்ஃபோன் ஜாக் மாதிரி நல்ல பிள்ளை வேற கிடையாதுங்க. அப்பாவோட வாக்மேன், லேப்டாப், லினக்ஸ் பெட்டி, எதுல சொருகினாலும் பாடும். யார் அனுமதியும் வேணாம்.

2016-ல ஐபோன் 7-ல இருந்து ஆப்பிள் அதைத் தூக்கிட்டாங்க. அதுக்குத் "துணிச்சல்"னு பேர் வேற! எடுத்ததுகூடப் பரவாயில்லை. பதிலுக்கு வந்த லைட்னிங் அவங்க சொந்தச் சொத்து. முறைப்படி லைட்னிங் இயர்ஃபோன் செய்யற கம்பெனி ஆப்பிள்கிட்ட உரிமம் வாங்கணும், அதுக்கான சிப்பையும் உள்ள வைக்கணும். கூத்து என்னன்னா, அந்த போன் பெட்டியிலயே வந்த இயர்ஃபோன் ஆப்பிளோட மேக்புக்ல சொருகாது. மேக்புக்ல இன்னைக்கும் பழைய ஜாக்தான் :-)

2022-ல ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுச்சு. 2023-ல ஐபோன் 15 யுஎஸ்பி-சியோட வந்துச்சு. காசு போட்டு வாங்கின லைட்னிங் இயர்ஃபோனெல்லாம் அநாதை.

யுஎஸ்பி-சி மட்டும் யோக்கியமான்னு கேப்பீங்க. யுஎஸ்பி ஆடியோவுக்குப் பொது விதிமுறை இருக்கு. அதன்படி செஞ்ச கருவி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் தனி டிரைவர் இல்லாமலே ஓடும். ஆனா சில ஆண்ட்ராய்டு போன் அந்த ஜாக் வழியா அனலாக் ஒலியை அனுப்பும், சிலது அனுப்பாது. அதனால ஒரு போனோட அடாப்டர் இன்னொண்ணுல ஊமையாயிடும். வாங்கறதுக்கு முன்னாடி உள்ள டிஏசி சிப் இருக்கான்னு கடைக்காரர்கிட்ட கேட்டுக்கங்க மக்கா.