பொருளுக்கா? ஆளுக்கா?

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் திருமண வீடுகளில் படம் பிடித்துப் பிழைப்பு நடத்துகிறார். புதிய கேமரா வாங்க வசதியில்லாததால், எட்டு மாதமே புழங்கிய ஒன்றை, ரசீதுடனும் வாரண்டி அட்டையுடனும் விலைக்கு வாங்கினார். மூன்றாம் மாதம் ஷட்டர் நின்றுவிட்டது. இரண்டாண்டு உத்தரவாதத்தில் ஓராண்டுக்கு மேல் மீதமிருந்தது. ஆயினும், “உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே” என்று கூறிப் பணம் கேட்டார்கள்.

“ஹஜ்ரத், கேமரா மாறவில்லையே, ஆள்தானே மாறியது?” என்றார் அவர். நியாயமான கேள்வி!

உத்தரவாதம் இலவசமன்று, அதன் செலவும் சேர்த்தே விலை வைக்கப்படுகிறது. அந்த விலையை முதல் உரிமையாளர் முழுமையாகச் செலுத்திவிட்டார். பொருள் கைமாறுவதால் இரண்டாண்டு மூன்றாண்டாக நீள்வதில்லை. தயாரிப்பிலேயே இருந்த குறை, உரிமையாளரின் பெயர் பார்த்து வெளிப்படுவதுமில்லை. அவ்வாறிருக்க, கொடுத்த வாக்கு மட்டும் இடையில் முறிவானேன்?

“முன்னவர் எப்படிக் கையாண்டாரோ, யாரறிவார்?” என்பது தயாரிப்பாளர் தரப்பு வாதம். அதைப் புறந்தள்ள இயலாதுதான். ஆனால் கீழே விழுந்ததற்கும் நீர் புகுந்ததற்கும் முதல் உரிமையாளருக்கே உத்தரவாதம் இல்லையே! ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற கணக்கைப் பல கேமராக்கள் தமக்குள்ளேயே பதிந்து வைக்கின்றன. உடலில் பொறித்த வரிசை எண்ணும் ரசீதின் தேதியும் மீதக் காலத்தைச் சொல்லிவிடும். சோதித்தறிய வழியிருக்கையில் ஐயத்தைக் காரணம் காட்டுவது முறையாகாது.

அமெரிக்காவில் 1975-இல் இயற்றப்பட்ட மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, ‘முழு உத்தரவாதம்’ என அறிவிக்கப்பட்டது, அக்காலத்திற்குள் பொருளைப் பெறும் ஒவ்வொரு நுகர்வோருக்கும் உரியது. ‘வரையறுக்கப்பட்ட உத்தரவாதம்’ எனில் முதல் உரிமையாளரோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவரின் சம்மதத்துடன் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்கிறது. சுயதொழிலால் வாழ்க்கை நடத்துவதற்கென மட்டுமே பொருள் வாங்குபவரையும் அது விலக்கவில்லை. ஆனால் உத்தரவாதம் கைமாற வேண்டும் என்ற வெளிப்படையான விதி அதில் இல்லை. அதைச் சேர்ப்பதே நீதியாகும்.

அதுவரை வாங்குவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அசல் ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். அட்டையின் நிபந்தனைகளில் ‘முதல் உரிமையாளருக்கு மட்டும்’ என்ற வாசகம் உள்ளதா எனப் படியுங்கள். இருப்பின், உத்தரவாதமே இல்லாத பொருளாக மதித்து விலை பேசுங்கள். விற்பவரும் இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புதியது வாங்க இயலாதவர்தாம் பழையதைத் தேடுகிறார்கள். பழுதுச் செலவைத் தாங்க வலுவற்றவர்களும் அவர்களே. பாதுகாப்பு மிகத் தேவையான கைக்குப் பொருள் வந்து சேரும் வேளையில், அதை மட்டும் பறித்துக்கொள்வது எவ்வகை வாணிபம்? சிந்திப்போமாக!