பேரைச் சொல்லு அம்மிணி!

திருப்பூரில் பனியன் என்பது வெறும் உடுப்பல்ல, சகோதரிகளே. எங்கள் அடுப்பு எரிவதே அதனால்தான். சென்ற மாதம் அந்த அடுப்பு சற்றே புகைந்தது.

காரணம், ஒரு துண்டுச் சீட்டு. "90, 85, வெள்ளை" என்று எழுதிக் கட்டிங்குக்கு அனுப்பினார் என் கணவர். அவர் நினைத்தது 90 சைஸில் 85 டஜன். கட்டிங் மாஸ்டர் படித்ததோ 90 டஜன், 85 சைஸ்! பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்கலாம். சிறிதாக வெட்டியதைப் பெரிதாக்க யாரால் ஆகும்? துணி போயிற்று. வீட்டில் பேச்சும் நின்றது.

கம்ப்யூட்டர் படிக்கும் என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். கதையைக் கேட்டுச் சிரித்தாள்.

"இதே வம்பு எங்க பைத்தான்லயும் இருக்குதுங்க அத்தை!"

"பாம்பா?"

"பாம்பில்லீங்க. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ற மொழி. கைடோ வான் ராசம்ங்கிறவர் 1991-ல வெளியிட்டாருங்க."

லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். 'தை' என்று ஒரு வேலை. அதற்கு சைஸ், டஜன், நிறம் என்று மூன்று விவரம் வேண்டும். மூன்றையும் ஒரு பட்டியலில் போட்டு, தை(பட்டியல்) என்று கொடுத்தாள். பைத்தான் மூட்டையைப் பிரிக்கவேயில்லை. மூட்டை முழுவதையும் சைஸ் என்று எடுத்துக்கொண்டு, "டஜன் எங்கே, நிறம் எங்கே?" என்று சண்டைக்கு வந்தது!

முன்னால் ஒரு நட்சத்திரம் வைத்தாள்: தை(*பட்டியல்). மூட்டை பிரிந்தது. முதலாவது சைஸுக்கு, இரண்டாவது டஜனுக்கு, மூன்றாவது நிறத்துக்கு என்று வரிசைப்படி போய் உட்கார்ந்தன.

"இடம் மாறிப் போனால்?"

"அதுக்குத் தெரியாதுங்க. 90-ம் எண்தான், 85-ம் எண்தான். வாயைத் திறக்காம தைச்சிரும்."

"உங்க மாமாவின் சீட்டு மாதிரியேதான்!" என்றேன்.

அடுத்து, ஒவ்வொரு விவரத்தையும் பெயரோடு எழுதினாள்: சீட்டு = {'டஜன்': 85, 'நிறம்': 'வெள்ளை', 'சைஸ்': 90}. இதைப் பிரிக்க இரட்டை நட்சத்திரம்: தை(**சீட்டு). வரிசை எப்படியிருந்தாலும், பெயரைப் பார்த்து அதனதன் இடத்துக்குப் போய்விட்டது. டஜனை 'டசன்' என்று மாற்றினாள். "அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை" என்று உடனே நின்றது. ஒரே விவரத்தை இரண்டு தடவை கொடுத்தாலும் அப்படித்தான்.

"துணியை வெட்டும் முன்பே நிற்குமா?"

"முன்னாலேயே நின்னுரும் அத்தை. பேரில்லாம தந்தா வாங்கவே மாட்டேன்னு கட்டளையும் போட்டு வைக்கலாம். 2008-ல வந்த பைத்தான் 3-லயிருந்து அந்த வசதி இருக்குது. பேரைத் தமிழ்லயே வைக்கிற வசதியும் அதுலதான் வந்துச்சு."

"பெயர் சரியாயிருந்து எண் தப்பாயிருந்தால்?"

"அதை மனுசங்கதான் பாக்கோணும்!"

அன்றிரவே சைஸ், டஜன், நிறம் என்று தலைப்புப் போட்ட சீட்டு அச்சுக்குப் போயிற்று. மறுநாள் காலை, கடைக்குக் கிளம்பியவரிடம் அடுப்படியிலிருந்தே, "ஒரு கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ!" என்றேன்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "எது ஒண்ணு, எது அரை? பேரைச் சொல்லு அம்மிணி!"

ஒரு மாதம் கழித்து, வீட்டில் பேச்சு திரும்பி வந்தது.