கேரட் வாங்கினோம், புல் வாங்கவில்லை

முயல் ஏன் செத்துப்போனது என்று திருச்சி பாலக்கரையில் யாரைக் கேட்டாலும், "அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்ற பதில்தான் வரும். நாங்கள் எல்லோரும் அதைச் சொன்னவர்கள்தான். பரீட்சை லீவில் பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். சாலையோரக் கூண்டுக்காரரிடம் பேரம் பேசி ஒரு ஜோடி வாங்கினோம். லீவு முடிந்ததும் கூண்டோடு மொட்டைமாடிக்கு ஏற்றினோம். அப்புறம் பழியைப் பர்ஸ் மேல் போட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

முயலின் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்தான். அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். நாருள்ள புல்லை நாளெல்லாம் அரைத்தால்தான் தேயும். குடலும் அப்போதுதான் ஓடும். புல்லுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? பிள்ளையாருக்குச் சாத்த அருகம்புல் கட்டுக்கட்டாக வருகிற ஊர். கூப்பிடு தூரத்தில் காந்தி மார்க்கெட். விடியற்காலையில் அங்கே முள்ளங்கித் தழையையும் காலிஃபிளவர் இலையையும் ஒடித்துத் தரையில் தள்ளுகிறார்கள். அழுகாததாகப் பொறுக்கி, மருந்து போக அலசி, ஈரம் காயவிட்டுக் கொஞ்சமாகப் போட்டால் பச்சைத் தீனிக்கு ஐந்து பைசா செலவில்லை. மாடு வைத்திருப்பவரிடம் காய்ந்த புல் ஒரு கட்டு சொல்லிவைக்கலாம். அகத்தியும் வேலிமசாலும் முயல் பண்ணைக்காரர்கள் போடுகிற தழைகள்தான்.

நாங்கள் வாங்கியது கேரட். படத்தில் முயல் கேரட்தானே தின்கிறது! கூடவே பிஸ்கட், டீக்கடை பன், மிஞ்சின சாதம். மாவும் சர்க்கரையும் குடலுக்குள் போய்ப் புளித்து வயிறு உப்பிவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அரை நாள் எதையும் தொடாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் குறுகி உட்கார்ந்தால் அது உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டிய நிலை. நாங்கள் "காலையில் சரியாகிவிடும்" என்று விளக்கை அணைத்தோம்.

தண்ணீர் விஷயம் இன்னும் வெட்கக்கேடு. முயல் தண்ணீர் குடிக்காது, குடித்தால் செத்துவிடும் என்று வீட்டுக்கு வீடு ஒரு பெரியவர் சொல்வார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டோம். இரண்டு கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், காய்ந்த புல் தின்றால் இன்னும் கூடுதலாக. தட்டிவிட முடியாத கனமான மண்சட்டி ஒன்று போதும். அதைக்கூட வைக்கவில்லை.

அதுவும் எங்கே வைக்கவில்லை? திருச்சி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில். மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் நம் மாநிலத்தில் முயலை வளர்ப்பது கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில். வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்ற அங்குள்ள இனங்களெல்லாம் குளிர்ப்பிரதேசத்துச் சரக்கு. வளர்ப்பு முயலின் பூர்வீகமே ஸ்பெயின் பக்கம். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் இறக்கியாக வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல். அக்னி நட்சத்திரத்தில் மாடியில் 40. கூண்டைக் கீழ்வீட்டு நடையில் இறக்கிவைத்து, மேலே ஈரச்சாக்கைப் போட்டு, ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்? வீடு நாறும் என்று இறக்கவில்லை. நாறியது முயல் அல்ல, நாங்கள் கழுவாத மூத்திரம். முயல் ஒரே மூலையில்தான் போகும். அந்த மூலையில் ஒரு பழைய தட்டு, பேப்பர், மேலே கொஞ்சம் வைக்கோல், தினம் ஒருதரம் மாற்றினால் தீர்ந்தது.

கம்பிவலைத் தரையில் வளர்ந்த முயலின் பின்னங்காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? நாய், பூனைக்கு இருப்பதுபோல அதற்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, ரோமம்தான். வலையில் உரசி உரசிக் குதிகாலில் ரோமம் போய், தோல் சிவந்து, நடுவே காசு அளவுக்குக் காய்ப்பு. அதன்மேல் மூத்திரம் பட்டுப் புண்ணாகும். ஒரு சாக்குத் துண்டு விரித்திருந்தால் வந்திருக்காது. நகம் சுருண்டு வலையில் மாட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகும் வெட்டிவிட யாருக்கும் தோன்றவில்லை. தூக்கியதும் காதைப் பிடித்துத்தான்.

மூக்கிலும் காது ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் பொருக்கு கட்டினால் அது சொறி. டாக்டர் எடை பார்த்துப் போடும் ஊசியில் அடங்கிவிடும். மருந்தும் விலை குறைவுதான். ஆனால் நாங்கள் டாக்டரானோம். மண்ணெண்ணெய் தடவினோம். நாய்க்கு அடிக்கும் உண்ணி ஸ்பிரேயை அடித்தோம். அதிலுள்ள ஃபிப்ரோனில் முயலைக் கொல்லும். மெடிக்கலில் வாங்கிய அமாக்சிசிலினைக் கரைத்து ஊற்றியவர்களும் உண்டு. வாய்வழி கொடுத்தால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை அழித்து ஆளையே முடித்துவிடுகிற மருந்து அது.

பணம் உண்மையாகவே இடிக்கிற இடமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், பல் ராவுதல், முயலைப் பார்த்துப் பழகிய டாக்டரைத் தேடி அலைவது எல்லாம் சாதாரண வீட்டுக்குப் பாரம்தான். நன்றாக வைத்துக்கொண்டால் எட்டுப் பத்து வருஷம் இருக்கும் ஜீவன் என்று வாங்கும்போதே விசாரித்திருந்தால், எங்களில் பாதிப்பேர் வாங்காமலே வந்திருப்போம். நாங்கள் விசாரித்தது ஜோடி விலையை மட்டும்.

ஜோடி என்றால் 31 நாளில் குட்டி. குட்டிகளைத் தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தோம். அதற்கும் மிஞ்சியதைச் சிலர் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு, "சுதந்திரமா பொழச்சுக்கும்" என்றார்கள். கூண்டில் பிறந்த வெள்ளை முயலுக்கு ஒளியவும் தெரியாது, தெருநாயிடமிருந்து ஓடவும் தெரியாது. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11வது பிரிவில் குற்றம். போதிய தீனி, தண்ணீர், இடம் கொடுக்காததும் அதே பிரிவுதான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தப் பிரிவை வைத்துப் பார்த்தால் எங்கள் தெருவில் தப்பிக்கிற வீடு அதிகமிராது.

இப்போதும் பல மாடிகளில் முயல் இருக்கிறது. ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டிருப்பவர்கள் இன்று ராத்திரியே பிரித்துவிடுங்கள். ஒன்றையொன்று பார்க்கும்படி பக்கத்தில் வைத்தால் போதும். குட்டி போட்ட அன்றைக்கே பெண் மறுபடி சினைப்பிடிக்கும். கையோடு கூண்டையும் கீழே இறக்கிவிடுங்கள், சித்திரை வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.