தீவகத்து வேகக் கால்கள் கரைசேராதது ஏன்?

யாழ்ப்பாணத் தீவகத்தின் நுழைவாயிலாக விளங்கும் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் ஒன்றை அமைக்கும் பணிகள், 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவினால் ஆரம்பித்து வைக்கப்பட்டன. அந்த இடம் பொருத்தமானதுதானா, சூழலுக்குப் பாதிப்பு ஏற்படாதா என்ற விவாதங்கள் ஒருபுறமிருக்கட்டும். அதே பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்தின் உள்ளே செல்பவர்கள் மாலை வேளைகளில் காணும் விளையாட்டு எது என்பதையும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஊர்காவற்றுறையிலும் மெலிஞ்சிமுனையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் கோயில் வீதிகளிலும் பாடசாலை முற்றங்களிலும் உருள்வது பெரும்பாலும் உதைபந்தே.

ஆடுபவர்களுக்குப் பஞ்சமில்லை. வேகமாக ஓடும் சிறுவர்களுக்கும் பஞ்சமில்லை. எனினும், அந்த வேகம் ஒரு நல்ல ஓர முன்கள வீரனாக முதிர்ந்து, மாவட்ட அணி, முன்னணிக் கழகம், தேசிய அணி என்று படியேறுவது மிக அரிதாகவே நிகழ்கிறது. இதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல என்பதே எமது கருத்து. தெரிவு செய்பவர்கள் வளர்ப்பதில்லை. வளர்ப்பவர்களுக்குத் தெரிவில் குரல் இல்லை. இவ்விரு தரப்பினருக்கும் இடையில் கடலும் கிடக்கிறது.

ஓர முன்கள வீரரைக் குறிப்பாக நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பழைய தலைமுறையினர் 'லெப்ற் விங்', 'ரைற் விங்' என்று அழைத்த இந்த இடம், மைதானத்திலுள்ள இடங்களுள் பிறவிக்குணத்தை மட்டும் நம்பி நிரப்ப முடியாத ஒன்றாகும். எதிரணியின் பின்கள வீரரை வேகத்தால் வெல்வது அதன் முதற்பாதி மட்டுமே. முழு வேகத்தில் ஓடும்போதே பந்தை முதல் தொடுகையில் அடக்குவது, இரு கால்களாலும் பந்தைக் குறுக்கே அனுப்புவது, எப்போது வெட்டி உள்ளே நுழைவது, எப்போது எல்லைக்கோட்டோடு ஒட்டி நிற்பது என்று கணத்தில் முடிவெடுப்பது ஆகியவை மறுபாதி. உயரமும் உடற்பலமும் உள்ள ஒருவரைப் பின்களத்தில் நிறுத்திச் சில மாதங்களில் ஓரளவு பழக்கிவிடலாம். ஓர முன்கள வீரருக்கோ பத்து வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை அறுபடாத பயிற்சி வேண்டும். அறுபடாத எதுவும் தீவகத்துச் சிறுவனுக்கு எளிதிற் கிடைப்பதில்லை.

இது தீவகத்துக்கு மட்டும் உரிய குறையுமன்று. 1995 ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்ற இலங்கை, அதன் பின்னர் அக்கிண்ணத்தைக் கண்டதில்லை. 2021 நவம்பரில் கொழும்பில் நடைபெற்ற நான்கு நாடுகள் கிண்ணத்தில் இலங்கை இறுதியாட்டம்வரை முன்னேறியபோது, அதன் கோல்களில் பெரும்பகுதியை அடித்தவர் ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசீக். அண்மைய ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவில் பிறந்த ஒலிவர் கெலார்ட் போன்றவர்களும் தேசிய அணியின் முன்களத்துக்கு அழைக்கப்பட்டனர். வெளிநாடுகளில் வளர்ந்தவர்கள் ஆடுவதில் எமக்கு மறுப்பில்லை. அவர்களால் அணி பலம்பெற்றது உண்மையே. ஆயினும் தாக்கி ஆடும் வீரர்களை ஒரு நாடு பிற நாடுகளின் பயிற்சிக் கூடங்களில் தேட நேர்ந்தால், உள்நாட்டில் அத்தகையோரை உருவாக்கும் வழி அடைபட்டுள்ளது என்பதே அதன் பொருள்.

முதலிற் தெரிவு முறையைக் கவனிப்போம். மாவட்ட, மாகாண அணிகளுக்கான தெரிவுகள் பொதுவாக ஓரிரு நாட்களில் நடந்து முடிகின்றன. அறிமுகமில்லாத சிறுவர்கள் பலரை ஒரே நாளில் பார்க்கும் தெரிவாளர் கண்ணுக்கு உடனே தெரிவது மூன்றே விடயங்கள்: உயரம், உடற்கட்டு, ஓட்ட வேகம். பந்தில்லாத போது எங்கே நிற்கிறான், சக வீரனின் ஓட்டத்தை எவ்வாறு ஊகிக்கிறான் என்பன ஒரு நாளிற் தெரிவதில்லை. விளைவாக, பதினான்கு வயதில் முன்கூட்டியே வளர்ந்துவிட்டவன் எடுபடுகிறான். பதினேழில் மலரவிருப்பவன் திரும்பி வீடு செல்கிறான்.

கோடிக்கணக்கில் பணம் புழங்கும் இடங்களிலும் இந்தத் தவறு நேர்வதுண்டு. அமெரிக்கக் காற்பந்தில் ஓரத்தில் ஓடிப் பந்தைப் பெறும் வீரர்களைக் கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. 2017 இல் ஜோன் ரோஸ் என்ற இளைஞர் 40 யார் தூரத்தை 4.22 செக்கனில் ஓடி அன்றைய சாதனையை நிலைநாட்டினார். சின்சினாற்றி அணி அவரை ஒன்பதாவது தெரிவாக எடுத்துக்கொண்டது. அவரது ஆட்டம் அந்த எதிர்பார்ப்பின் அருகிலும் வரவில்லை. மாறாக, 2010 இல் 195 ஆவது தெரிவாக எவருடைய கவனத்தையும் பெறாது பிற்ஸ்பேர்க் அணிக்கு வந்த அன்ரனியோ பிறவுண், அந்த இடத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரானார். கடிகாரம் வேகத்தை அளக்கும், ஆட்டத்தை அளக்காது. அத்தனை வசதியுள்ளவர்களே இடறும் இடத்தில், ஒரு நாட் தெரிவை மட்டும் நம்பி நாம் தப்பிவிட முடியாது.

அடுத்தது வளரும் களம். சர்வதேசப் போட்டிக்குரிய மைதானம் 64 முதல் 75 மீற்றர்வரை அகலம் கொண்டது. தீவகத்தின் சிறிய பாடசாலைகள் பலவற்றில் அந்த அகலம் இல்லை. சுண்ணக்கல் நிலமும் நன்னீர்ப் பற்றாக்குறையும் புல் தழைக்க விடுவதில்லை. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளுக்கு ஒரு வயதுப் பிரிவில் பதினொருவரைத் திரட்டுவதே பெரும்பாடு. ஆகவே ஐவர், எழுவர் கொண்ட ஆட்டங்களே வழக்கமாகின்றன. அவை பந்துக் கட்டுப்பாட்டை வளர்க்கும், அதில் ஐயமில்லை. ஆனால் அகலமில்லாத களத்தில் ஓரம் என்பதே இல்லை. ஓரமே இல்லாத இடத்தில் ஓர வீரன் உருவாவது எங்ஙனம்?

சோளகக் காற்று வீசும் மாதங்களில் உயர்த்தி அனுப்பும் பந்து எங்கு போய் விழும் என்று சொல்ல முடியாது. தரையோடு ஆடப் பழகும் சிறுவனுக்கு அது ஒருவகையில் நன்மையே. ஆயினும், கோல் முகத்துக்குக் குறுக்கே பந்தை உயர்த்தி அளிக்கும் கலை அவனுக்குக் கைவராமலே போகிறது. இதற்கு மேலாக, சிறிய அணியில் அகப்படும் ஒரே வேகக்காரனை எந்தப் பொறுப்பாசிரியரும் ஓரத்தில் நிறுத்துவதில்லை. நடுவில் நிறுத்தி, கிடைக்கும் பந்தையெல்லாம் அவனிடமே கொடுக்கிறார்கள். பாடசாலைப் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் முறையில் நடப்பதால், இன்றைய வெற்றியே முக்கியமாகிறது. ஆசிரியரைக் குறைகூற முடியாது. ஆண்டு முழுவதும் காத்திருந்து ஓர் ஆட்டத்தோடு வீடு திரும்ப வேண்டிய நிலையில், எவர்தான் நாளைய வீரனை எண்ணி ஆடுவார்?

கடலின் கணக்கு இவை அனைத்துக்கும் மேலானது. யாழ் நகரிலிருந்து குறிகட்டுவானுக்கு வீதிவழியே ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அங்கிருந்து நயினாதீவு சிறிது நேரப் படகுப் பயணம். நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று படகுகளின் பெயர்கள் மாறி வந்தாலும், பாடசாலை முடிந்த பின்னர் புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெற்று அன்றே வீடு திரும்ப ஒரு நெடுந்தீவு மாணவனால் இன்றும் முடியாது. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் போட்டிக்கே வர முடிவதில்லை. நகரத்து மாணவன் வாரத்தில் மூன்று மாலைகள் பயிற்சி பெறுகையில், தீவு மாணவன் ஆண்டில் மூன்று பயணங்களைச் செய்தாலே பெரிது.

பயிற்றுநர் விடயமும் அவ்வாறே. தீவகத்துக்கு வரும் உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் கட்டாய சேவைக் காலம் நிறைவடைந்ததும் இடமாற்றம் பெற்றுச் செல்கிறார்கள். குடும்பத்தைப் பிரிந்து பணியாற்றும் அவர்களது நிலையை நாம் அறிவோம். ஆனால் பன்னிரண்டு வயதில் ஒருவரிடம் தொடங்கிய சிறுவன், பதினைந்தில் வேறொருவரிடம் எழுத்தாரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. படிப்பில் கெட்டிக்காரர்கள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையுடன் நகரத்துப் பாடசாலைகளுக்குப் பெயர்கிறார்கள். எஞ்சியோர் சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பந்தைக் கீழே வைக்கிறார்கள். பலர் பின்னர் அதை எடுப்பதே இல்லை.

எடுப்பதால் என்ன பயன் என்ற கேள்வியும் நியாயமானதே. 2021 இல் தொடங்கப்பட்ட சுப்பர் லீக் சுற்றில் இடம்பெற்ற 10 கழகங்களில் வடக்கைச் சேர்ந்தது ஒன்றேனும் இருக்கவில்லை. அப்பத்தில் மூன்று கழகங்கள் முப்படைகளுக்கு உரியவை. இந்நாட்டில் உதைபந்தாட்டத்தால் மாதச் சம்பளம் பெறுவதற்கான நிலையான வழி நெடுங்காலமாகப் படையணிகளில் இணைவதாகவே இருந்து வருகிறது. வடபுலத்துத் தமிழ் இளைஞர்கள் அவ்வழியை நாடாமைக்கான காரணங்களை விளக்க வேண்டியதில்லை. எனவே பதினெட்டு வயதில் ஒரு கடற்றொழிலாளியின் மகனுக்கு முன்னால் இருப்பவை தந்தையின் படகு அல்லது வெளிநாட்டுப் பயணம் என்ற இரண்டுமே.

யுத்தம் அறுத்த இழையையும் மறந்துவிடலாகாது. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்களில் மிகப் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தனர். பலர் திரும்பவேயில்லை. புங்குடுதீவின் பாழடைந்த வீடுகள் இன்றும் அதற்குச் சாட்சி. மூத்த வீரர் இளையவருக்கு மாலைதோறும் கற்றுக் கொடுக்கும் மரபே எமது ஊர்களின் உண்மையான பயிற்சிக் கூடமாக இருந்தது. ஊர் கலைந்தபோது அதுவும் கலைந்தது. அவ்வூர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் முறையான பயிற்சியுடன் ஆடுகின்றனர்.

இத்தனை சிறிய சனத்தொகையிலிருந்து சிறந்த வீரர்களை எதிர்பார்ப்பது பேராசை என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வெஸ்ற்மன் தீவுகளைக் காட்ட விரும்புகிறோம். அங்கு வாழ்வோர் 4,000 பேருக்குச் சற்று அதிகம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நெடுந்தீவில் வாழ்ந்தோரும் ஏறக்குறைய அத்தனை பேரே. அங்கும் பெரும்பாலும் படகில்தான் செல்ல வேண்டும், காற்றும் கடுமையானது. அத்தீவின் கழகம் 1979, 1997, 1998 ஆம் ஆண்டுகளில் ஐஸ்லாந்தின் தேசியச் சம்பியனாகியது. 2018 உலகக் கிண்ணத்தில் ஐஸ்லாந்து அணியைப் பயிற்றுவித்த ஹெய்மிர் ஹல்கிரிம்சன் அத்தீவைச் சேர்ந்த பல் வைத்தியர். செல்வந்த நாடு என்பது உண்மை. உள்ளரங்குகளையும் அவர்கள் கட்டினார்கள். ஆனால் அவற்றோடு, சிறு பிள்ளைகளுக்குக்கூடத் தகுதிச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்களை ஊர்தோறும் நியமித்தார்கள். சுவர்களை நாம் இப்போது கட்ட முடியாதிருக்கலாம். மனிதர்களை நியமிக்க முடியும்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் மகளிர் அணி அகில இலங்கைப் பாடசாலைகள் மட்டத்தில் சம்பியன் பட்டங்களை வென்றதோடு, தேசிய மகளிர் அணிக்கும் வீராங்கனைகளை அளித்தது. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் நலிந்த பிரதேசமொன்றின் பாடசாலையே அது. ஆண்டுக்கணக்கில் தளராத பயிற்சி, பெற்றோரின் நம்பிக்கை, பாடசாலையின் பற்றுறுதி என்பனவற்றுக்கு மாற்றீடு ஏதுமில்லை என்பதை அம்மாணவிகள் நிரூபித்துள்ளனர்.

ஆகவே சில விடயங்களை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். முதலாவதாக, தீவகக் கல்வி வலயத்தில் தோற்றால் வெளியேறும் போட்டிகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு பாடசாலையும் பல ஆட்டங்களை ஆடக்கூடிய லீக் முறை கொண்டுவரப்பட வேண்டும். இரண்டாவதாக, மாவட்டத் தெரிவாளர்கள் கடல் கடந்து வரவேண்டும். ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் ஆண்டில் பல தடவைகள் பார்த்து, அப்பிள்ளையைப் பயிற்றுவித்தவரின் மதிப்பீட்டையும் கேட்ட பின்னரே பெயர்ப் பட்டியல் தயாராக வேண்டும். மூன்றாவதாக, தீவகத்திலேயே நிரந்தரமாக வாழும் முன்னாள் வீரர்களைத் தெரிந்தெடுத்து, ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பயிற்றுநர் சான்றிதழ்களைப் பெறச்செய்து, மாதக் கொடுப்பனவுடன் அமர்த்த வேண்டும். இடமாற்றம் பெறாதவர் அவர் ஒருவரே. நான்காவதாக, போட்டி நாட்களிலேனும் மாணவர்களுக்கு ஏற்ற நேரத்தில் படகு சேவை ஒழுங்கு செய்யப்பட வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் தீவக மக்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஊர் மீது கொண்ட பற்றினால் வெற்றிக் கிண்ணங்களுக்கும் சீருடைகளுக்கும் அலங்கார வளைவுகளுக்கும் அவர்கள் அள்ளி வழங்குகிறார்கள். அதில் ஒரு பகுதி, ஒரு பயிற்றுநரின் ஐந்தாண்டுச் சம்பளமாக மாறினால் அதன் பயன் பன்மடங்காகும். கிண்ணம் அலமாரியில் இருக்கும். பயிற்றுநர் மைதானத்தில் இருப்பார்.

மண்டைதீவில் மைதானம் எழட்டும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் குறிகட்டுவான் நோக்கிச் செல்லும் சிறுவனுக்கு, பந்தை இடக்காலாலும் அடிக்கக் கற்றுக்கொடுக்க அவனது தீவில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கான செலவு, மைதானத்தின் செலவோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பமே. மாகாணக் கல்வித் திணைக்களமும் உதைபந்தாட்டச் சம்மேளனமும் அதனையேனும் செய்ய முன்வருமா?