மரணப் படுக்கையும் சிறைக் கதவும்

1934-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், டேராடூன் சிறையிலிருந்த ஜவாஹர்லால் நேருவை அந்நிய சர்க்கார் 11 நாட்கள் வெளியே விட்டது. அவருடைய பத்தினி கமலா கடும் நோயுற்றுக் கிடந்தார். தவணை தீர்ந்ததும் நேரு மீண்டும் சிறைப்பட்டார். அரசியலில் ஈடுபடுவதில்லையென்று வாக்குறுதி கொடுத்தால் வெளியே வரலாமென்றும் ஜாடையாகத் தெரிவிக்கப்பட்டது. கமலாவோ, கணவரைக் கண்ட ஒரு சமயம், அப்படி எதையும் கொடுத்துவிட வேண்டாமென்று காதோடு சொன்னார். நோய் முற்றியபின், 1935 செப்டம்பரில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, நேரு ஜெர்மனிக்கு விரைந்தார். 1936 பிப்ரவரி 28-ந் தேதி லோஸான் நகரில் கமலாவின் உயிர் பிரிந்தபோது கணவர் உடனிருந்தார்.

நம்மை அடிமை கொண்டிருந்தவர்களைப் புகழ இதைக் கூறவில்லை. நோயாளியின் கட்டிலருகே பேரம் பேசிய கேவலத்தை நாம் மறக்கவில்லை. ஆயினும், அவர்கள் தாமதித்தேனும் செய்ததைச் சுதந்திர பாரதம் தாமதமின்றிச் செய்கிறதா?

2021 மே மாதம் டில்லியில், கொரோனா கண்டு ஆஸ்பத்திரியிலிருந்த தகப்பனாரின் பொருட்டு, விசாரணைக் கைதியான ஒரு பெண் ஜாமீன் கோரியிருந்தார். தகப்பனார் 9-ந் தேதி காலமானார். ஹைகோர்ட்டு 10-ந் தேதி ஜாமீன் வழங்கிற்று, ஈமக் கடனுக்காக!

நமது ராஜ்யத்தில் 1982-ம் வருஷத்து விதிகளின்படி, தண்டனைக் கைதிக்கு நெருங்கிய உறவினரின் மரணத்துக்கு மட்டுமின்றிக் கடும் நோய்க்கும் அவசர விடுப்பு உண்டு. விசாரணைக் கைதிக்கோ அதுவுமில்லை. அவன் கோர்ட்டைத்தான் நாடவேண்டும். மரணத்தை எவரும் சந்தேகிப்பதில்லை. நோய் என்றால் மட்டும் அதிகாரிகளுக்கு அது சாக்காகத் தோன்றுகிறது. மனு, போலீஸ் அறிக்கை, காவல் ஏற்பாடு என்று காகிதங்கள் நகர்வதற்குள் அங்கே மூச்சு நின்றுவிடுகிறது. பிணத்துக்குக் கொள்ளி வைக்க ஓர் அண்ணனோ தம்பியோ இருக்கலாம். தன் மகனின் கையைப் பிடித்துக்கொள்ள விரும்பும் தாய்க்கு அந்த மகனே வேண்டும். குற்றம் ருஜுவாகாதவனுக்கும் இதை மறுப்பது எந்த நியாயம்?

தப்பியோடுவானென்று அஞ்சினால் காவலருடன் அனுப்பட்டும். சர்க்கார் வைத்தியர் ஒருவரின் அத்தாட்சி போதுமென்றும், அது கிடைத்த தினமே உத்தரவு பிறக்க வேண்டுமென்றும், விசாரணைக் கைதிகளுக்கும் இவ்வுரிமை உண்டென்றும் விதிகளைத் திருத்துமாறு சர்க்காரைக் கோருகிறோம். சிறையின் சுவையறிந்த அங்கத்தினர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். சட்டசபையின் அடுத்த கூட்டத்திலேயே அவர்கள் இதைக் கிளப்பலாம்.