சுவருக்குப் பணம் அனுப்புமுன் ஒரு கேள்வி



2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையை வெள்ளக்காடாக்கிய பின், ஊர் வாய்க்கால்களுக்குக் கொங்கிறீற்றுச் சுவர் எழுப்ப நிதி சேர்க்கவேண்டும் என்ற பேச்சு லா சப்பலிலும் கேட்கிறது. உதவும் மனம் நன்று. ஆயினும் பணம் அனுப்புமுன் ஒன்றைக் கேளுங்கள்: அந்த நீருக்கு எவ்வளவு அகலம் வேண்டும்?

ஏழாம் இலக்க மெட்ரோவில் லே கோப்லன் நிலையத்தில் இறங்கி நடப்போர் பலர், அருகிலுள்ள தெருக்களின் கீழே ஓர் ஆறு புதைந்திருப்பதை அறியார். அதன் பெயர் பியேவ்ர். தோல் பதனிடுவோரும் சாயமிடுவோரும் அதனை அழுக்காக்கினர். நகரம் அதனைக் குறுக்கி, நேராக்கி, 1912இல் பரிஸில் எஞ்சிய பகுதியையும் மூடியது. இன்று புறநகர்கள் அதே ஆற்றைத் தோண்டியெடுக்கின்றன. 2016இல் லாய்-லே-ரோஸில் ஒரு பகுதியும், பின்னர் ஆர்க்கேய், ஜான்தியி நகர்களில் இன்னொரு பகுதியும் மீண்டும் வானத்தைக் கண்டன. புதைப்பதற்கும் செலவு, மீட்பதற்கும் செலவு!

ஆறு தன் வழியைத் தானே அமைக்கும் என்பது பொறியியலாளர் அறிந்த பழைய செய்தி. பஞ்சாபில் வண்டல் படியாமலும் கரை அரிக்கப்படாமலும் நிலைத்த கால்வாய்களை ஆராய்ந்து, 1895இல் கென்னடி என்பவர் ஒரு விதியை வகுத்தார். 1930இல் ஜெரால்ட் லேசி அதனை மேலும் விரித்தார். அவர் கணக்கின்படி, நீரோட்டம் நான்கு மடங்கானால் வாய்க்காலின் அகலம் ஏறத்தாழ இரு மடங்காகவேண்டும். அதனைக் குறுக்கினால் நீர் அடியைத் தோண்டும். சுவரின் அத்திவாரமே ஆட்டங்காணும். மிகையாக அகட்டினாலோ வண்டல் படிந்து மேடாகும்.

வண்டல் மண்ணுக்குரிய அக்கணக்கை நமது சுண்ணாம்புக்கல் நிலத்திற்கு அப்படியே பொருத்த இயலாது. கேள்வி மட்டும் பொருந்தும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலிக் கடல்நீரேரியை அடையும் வழுக்கையாற்றை எண்ணிப்பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால் அது ஆறென்றே தோன்றாது. அதனாலேயே அதன் ஓரத்தில் மதில் கட்டத் துணிகிறோம். மாரியில் அது தன் வயல்வெளியைத் தேடி வரும். மேலும், குடாநாட்டுக் கிணறுகள் மழைநீர் நிலத்துள் இறங்குவதாலேயே வாழ்கின்றன. அடியையும் கொங்கிறீற்றால் மூடினால் நன்னீர் விரைந்து கடலுக்கே போகும்; கோடையில் கிணறு உவர்க்கும்.

ஆகவே ஊர்ச்சங்கக் கூட்டத்தில் வரைபடம் காட்டப்படும்போது கேளுங்கள்: மிகப்பெரிய வெள்ளம் எதுவரை பரவியது? சுவர்கள் அந்த எல்லையிலிருந்து எவ்வளவு உள்ளே வருகின்றன? அடி மண்ணாகவே விடப்படுகிறதா? வளைவுகள் அப்படியே இருக்கின்றனவா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை காசோலையில் ஒப்பமிடாதிருத்தல் நன்று என்பது என் கருத்து.